ஏரி நடுவில் சொன்னது

படகுச் சங்கத்தில் எல்லாரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். கூட்டிக்கொண்டு வந்த நாத்தனார் அப்படிக் கூப்பிட்டாள். கேட்டவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். அறுபத்திரண்டு வயதுச் செயலாளர்கூட, "அண்ணி, உங்க லைஃப் ஜாக்கெட் சைஸ் என்ன?" என்று கூச்சமில்லாமல் கேட்டார். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு. முதல் வாரம் சங்கடமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. நாமும் அவளை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அண்ணிக்கு மருந்துக் கடையில் வேலை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற கடை. கதவைத் திறந்தால் ஒரு மணி அடிக்கும். பத்தொன்பது வருஷமாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்று, கோழி கிறுக்கின மாதிரி இருக்கிற கையெழுத்துகளைப் படித்து, மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டு, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று உறையின் மேல் எழுதிக் கொடுக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அந்தக் கதவு மணி அவள் காதில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிரே மூன்று பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். இடது காதுக்குள் பழைய ஃப்ரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். அழுக்கு அடைத்திருக்கும் என்று அவளே சொட்டு மருந்து எடுத்து விட்டுக்கொண்டாள். அழுக்கு இல்லை. ஆறு மாதத்தில் இடது காது மொத்தமாகப் போய்விட்டது. வலது காதும் கூட்டத்திலும் காற்றிலும் கையை விரித்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மத்தியானம் ஒரு பெரியவர் வாயால் சொன்ன மருந்தை வேறொன்றாகக் கேட்டு, பெட்டியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "இது இல்லம்மா, நான் சாப்பிடுறது வெள்ளைப் பெட்டி" என்றதால் தப்பித்தாள். அதிலிருந்து சீட்டு இல்லாமல் எதையும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். சீட்டு இல்லையா, இந்தாங்க பேனா, எழுதிக் கொடுங்க. அவளைப் போல ஜாக்கிரதையான ஆள் கிடைக்கமாட்டாள் என்று கடை முதலாளியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அண்ணி மாத்திரைகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பாள். காது போனது தெரிந்தால் கவுண்டரை விட்டு எடுத்துவிடுவார்கள். எடுப்பதுதான் நியாயம் என்றும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் கண்டுபிடிக்க ஆளில்லை. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபது வருஷம் "பிரேக், பிரேக்" என்று கத்தியே தொண்டை அப்படி ஆகிவிட்டது. மெதுவாகப் பேசுகிறேன் பேர்வழி என்று அவர் பேசினாலே பக்கத்து வீட்டில் டிவியைக் குறைப்பார்கள். மகள் வேறு ஊரில் படிக்கிறாள், பேசுவதெல்லாம் போனில் எழுத்தாகத்தான். மற்றவர்களிடம் அண்ணி சமாளித்தாள். உதட்டைப் பார்ப்பாள், பாதி ஊகிப்பாள், மீதிக்குத் தலையாட்டுவாள். நாலு பேர் சிரித்தால் ஒரு நொடி கழித்து அவளும் சிரிப்பாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது மூட்டை தூக்கியவளைப் போலக் களைத்திருப்பாள்.

இனி நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் ஒரே தங்கை, வயது முப்பத்தெட்டு. சின்ன வயதில் தண்ணீரைக் கண்டால் இறங்காமல் வரமாட்டாள் என்று வீட்டில் வைத்த பேர் வாத்து, அதுவே நிலைத்துவிட்டது. லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. பதினைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள், முழங்கை வரை கிரீஸோடு நிற்பாள். கல்யாணம் முறிந்து, பதினைந்து மாதத்துக்கு முன்னால் ஒரு டயர் கடைக்கு மேலே அறை எடுத்துத் தனியாக வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கு வருவது குறைந்துபோயிற்று. வந்தாலும் உட்காரமாட்டாள், வாசலோடு பேசிவிட்டு, வேலை இருக்கு என்று கிளம்பிவிடுவாள். பாவம், மனசு சரியில்லை, தனியாக இருக்க நினைக்கிறாள் என்று அண்ணி எடுத்துக்கொண்டாள்.

அந்த வாத்துவிடமிருந்துதான் ஒருநாள் பேருந்தில் போகும்போது செய்தி வந்தது. "என்கூட படகு ஓட்டுற பொண்ணுக்கு வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சு. முன் சீட் காலி. ஏரியைக் கடக்கிற போட்டிக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு. ஆள் கிடைக்கல. வர்றீங்களா?" பள்ளிக்கூட நாட்களில் நீச்சலில் பரிசு வாங்கியதைத் தவிர அண்ணிக்கும் தண்ணீருக்கும் பெரிய உறவில்லை. ஆனாலும் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் "வர்றேன்" என்று பதில் எழுதிவிட்டாள். வாத்து தானாக ஒன்று கேட்டு எத்தனை நாளாயிற்று என்பது மட்டுமே அவள் மனதில் ஓடியது.

இரண்டு பேர் ஓட்டுகிற கயாக் என்கிற ஒடுங்கின துடுப்புப் படகில் முன்னால் இருப்பவர் வேகத்தை வைக்க வேண்டும். பின்னால் இருப்பவர் அந்த வேகத்துக்கு ஒத்துத் துடுப்புப் போட்டுக்கொண்டே, காலால் சுக்கானைத் திருப்பி வழி பார்க்க வேண்டும். பார்க்கிறவர் அவர்தான் என்பதால் சொல்கிறவரும் அவர்தான். சனி, ஞாயிறுகளில் காலை நேரத்து ஏரி கண்ணாடி மாதிரி கிடக்கும். அந்த அமைதியில் வலது காதுக்கு வாத்துவின் குரல் எட்டியது. எட்டாதபோது திரும்பிப் பார்த்துக்கொள்வாள். அண்ணிக்கு அந்தப் படகு பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. அங்கே யாருடைய உதட்டையும் பார்க்க வேண்டாம். முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு மணி நேரம் இருந்தாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். தோளில் தசை ஏறியது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போனது. ஏழு மாதத்தில் இருவரும் பேசியதை ஒரு தாளில் எழுதிவிடலாம்.

போட்டி நாள் வந்தது. மேற்குக் கரைப் படகுத்துறையிலிருந்து கிழக்குக் கரை வரை முப்பத்தெட்டு கிலோமீட்டர். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. வானமும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கிற கோடு மட்டும்தான். வழியில் மூன்று இடங்களில் படகு எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, மத்தியானம் இரண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். அறுபத்துநாலு படகுகள். அவர்களுடையது நாற்பத்தொன்று. கணவர் காரை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போகிற ஏற்பாடு. புறப்படும்போது அவர் கரையில் நின்று, "அவசரப்படாம போங்க, யாரும் துரத்தல" என்று சொன்னது பக்கத்துப் படகுக்காரர்களுக்கெல்லாம் கேட்டது. பத்துப் பேர் சிரித்தார்கள். வாத்து தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் இரண்டரை மணி நேரம் நன்றாகவே போனது. துடுப்பின் இரண்டு முனையும் மாறி மாறித் தண்ணீரில் இறங்கி ஏற, படகு வெண்ணெயில் கத்தி போனது மாதிரி போனது. எண் குறிக்கிற முதல் மிதவையில் இருந்த பெண் எண்ணைக் குறித்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். இருபத்தெட்டாவது இடம் என்று விரலால் காட்டினாள். அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வயதில் இருபத்தெட்டா என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினாள்.

ஒன்பது மணிக்குக் காற்று எழுந்தது. வலது பக்கத்திலிருந்து வந்த காற்று. முதலில் தண்ணீர் சிலிர்த்தது, அப்புறம் சின்னச் சின்ன மேடாயிற்று, அரை மணி நேரத்தில் இடுப்பு உயர அலையாயிற்று. படகின் மூக்கு ஏறி இறங்கியது. கேட்கிற ஒரு காதுக்குள்ளும் காற்று புகுந்து உறுமியது. பின்னால் வாத்து ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறாள் என்று அண்ணிக்குத் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் படகு ஆடும். பார்க்காமல், தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே துடுப்பைப் போட்டாள்.

அந்த நேரத்தில்தான் இடது பக்கத்திலிருந்து பாதுகாப்பு மோட்டார் படகு ஒன்று வந்தது. முன்னால் யாருடைய படகோ கவிழ்ந்திருந்தது, அவர்களைத் தூக்கப் போகிற அவசரம். இவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் குறுக்கே பாய்ந்து போயிற்று. அது கிளப்பிவிட்ட அலை இடது பக்கமாக வந்தது. படகின் மூக்கை இடப்பக்கம் திருப்பி அந்த அலையை நேராக வாங்கினால் ஒன்றும் ஆகாது. வாத்து சுக்கானை முழுக்க மிதித்துக்கொண்டு, "இடது பக்கம் போடாதீங்க, வலது மட்டும் போடுங்க" என்று கத்தினாள். மூன்று தடவை கத்தினாள். அண்ணிக்கு எஞ்சின் சத்தமும் கேட்கவில்லை, இவள் சத்தமும் கேட்கவில்லை. குறுக்கே போன படகைக் கண்டு பயந்து, இடது பக்கம் ஆழமாக ஒரு போடு போட்டாள். திரும்பிக்கொண்டிருந்த படகு அப்படியே நின்றது. அலை விலாவில் அடித்தது. வானம் சரிந்து, ஏரி மேலே வந்தது.

தண்ணீர் குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். லைஃப் ஜாக்கெட் அவளை மேலே தூக்கியபோது படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், எதிர்ப்பக்கத்தை வாத்து பிடித்திருந்தாள். வாத்துவின் முகம் சிவந்திருந்தது. தலைமுடி கண்ணை மறைத்தது. இத்தனை பக்கத்தில், இத்தனை நேராக அந்த முகத்தை அண்ணி பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. அதனால் அவள் கேட்டது உதட்டிலேயே தெளிவாகத் தெரிந்தது.

"எத்தனை தடவை கத்துறது? காது கேக்கலையா உங்களுக்கு?"

கோபத்தில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான் அது. அதற்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

"ஆமா," என்றாள் அண்ணி. "கேக்கல."

"என்ன?"

"காது கேக்கல எனக்கு. இடது காது சுத்தமா போச்சு. வலது காதுலயும் காத்து அடிச்சா எதுவும் விழாது. நீ கத்தினது எனக்குத் தெரியவே தெரியாது."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்தது, ஏரி நடுவில், பல் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை. அலை வந்தது, போனது.

அதற்குள் இன்னொரு பாதுகாப்புப் படகு பக்கத்தில் வந்துவிட்டது. கழுத்தில் விசில் மாட்டியிருந்த ஆள் குனிந்து, "ஏத்திக்கட்டுமா? ஏறினா போட்டி முடிஞ்சுது, இப்பவே சொல்லிடுறேன்" என்றான். வாத்து அண்ணியைப் பார்த்தாள். பிறகு அவன் சொன்னதையே வாயை நன்றாக அசைத்து, மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அப்படி யாரும் அவளுக்காக ஒன்றைத் திருப்பிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நாங்களே ஏறிக்கிறோம்," என்றாள் அண்ணி.

கவிழ்ந்த படகில் ஏறுவது கற்றுக்கொண்டதுதான், ஆனால் குளத்தளவு தண்ணீரில். இருவரும் சேர்ந்து படகைப் புரட்டினார்கள். வாத்து ஒரு பக்கம் தொங்கிப் பிடித்துக்கொள்ள, அண்ணி மறுபக்கம் காலை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து, மீன் மாதிரி உள்ளே விழுந்தாள். அவள் துடுப்பைத் தண்ணீரில் படுக்க வைத்துப் படகு ஆடாமல் பிடித்ததும் வாத்து ஏறினாள். கைப்பம்பால் மாற்றி மாற்றித் தண்ணீரை இறைத்தார்கள். இருபது நிமிஷம் போயிற்று. சாப்பாட்டுப் பை போய்விட்டது, ஒரு தண்ணீர் பாட்டிலும் போய்விட்டது. விசில்காரன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கையசைத்துக் கிளம்பினான்.

பாதி வழியைத் தாண்டி ஒரு மணல் திட்டு. இரண்டாவது தடவை எண்ணைக் குறிக்கிற இடம் அது. கூடாரம் போட்டு, சூடாகத் தேநீரும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். இவர்கள் போய்ச் சேரும்போது ஐம்பத்தாறாவது இடம். ஆளுக்கொரு போர்வையைப் போர்த்திக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். வாத்து இடது பக்கம் உட்கார்ந்தாள், யோசித்தாள், எழுந்து வந்து வலது பக்கம் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் ஆகப் போகுது."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. நீதான் முதல்."

வாத்து கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மணலையே பார்த்தாள். உள்ளுக்குள் ஏதோ கூட்டிக் கழித்துப் பார்ப்பது போல இருந்தது. அப்புறம் முகத்தை அண்ணியின் பக்கம் முழுசாகத் திருப்பினாள்.

"போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா? அண்ணன் கடைக்குப் போயிருந்தாரு. நீங்க சமையலறையில பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தீங்க."

"எந்த ஞாயித்துக்கிழமை? நிறைய வந்திருக்கியே."

"புருஷன் வீட்டை விட்டு வெளிய வர்றதுன்னு முடிவு பண்ண வாரம். நான் உங்க பின்னால கதவுகிட்ட நின்னேன். 'அண்ணி, கொஞ்ச நாள் நான் இங்க வந்து இருந்துக்கட்டுமா'ன்னு கேட்டேன். நீங்க திரும்பவே இல்ல. குழாயை நிறுத்தல. தட்டை எடுத்து அடுக்கினீங்க. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு நான் போயிட்டேன்."

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. வார்த்தைகள் எல்லாம் கேட்டன; அவை சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது மெல்லத்தான் உறைத்தது. அந்தச் சமையலறையில் குழாய் இடது பக்கம். கதவும் இடது பக்கம். தண்ணீர் ஓடும்போது அவளுக்கு உலகமே அடைத்துவிடும்.

"நான் கேக்கலடி," என்றாள். "நீ வந்ததே எனக்குத் தெரியாது."

"இப்போ தெரியுது."

"பதினஞ்சு மாசமா நான் உன்னை வேண்டாம்னு சொல்லிட்டதாவா நினைச்சுக்கிட்டு இருந்தே?"

"வேற என்ன நினைக்கிறது? வாயைத் திறந்து முடியாதுன்னு சொல்லக்கூட மனசில்லைன்னு நினைச்சேன். டயர் கடைக்காரர் அறை காட்டினாரு, அன்னிக்கே போயிட்டேன். அண்ணன்கிட்ட சொன்னா உங்களுக்குள்ள சண்டை வரும்னு சொல்லல."

"அப்புறம் படகுக்கு ஏன் என்னைக் கூப்பிட்டே?"

வாத்து மூக்கை உறிஞ்சினாள். "கூப்பிட்டா வரமாட்டீங்க, அதோட கணக்கு முடிஞ்சுதுன்னு விட்டுடலாம்னுதான். ரெண்டு நிமிஷத்துல வர்றேன்னு எழுதிட்டீங்க. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. வீட்டுக்குள்ள சேர்க்காதவங்க எதுக்கு வாராவாரம் வந்து கை புண்ணாகத் துடுப்புப் போடுறாங்கன்னு ஏழு மாசமா உங்க முதுகையே பார்த்துக்கிட்டு யோசிச்சேன்."

அண்ணி சிரித்தாளா அழுதாளா என்று பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவருக்குச் சொல்லத் தெரியாது. இரண்டும்தான். போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி வாத்துவின் ஈரத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அந்த அறையில ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தியேடி," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். வாத்து, "விடுங்க அண்ணி, ஹீட்டர் இருந்துச்சு" என்றாள். அவள் குரலும் உடைந்துதான் இருந்தது. மனதில் இருந்த பாறாங்கல்லை இறக்கி வைத்தது அவளா தானா என்று அண்ணிக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இருவரும் மீதியிருந்த தேநீரைக் குடித்து முடித்தார்கள்.

கடிகாரத்தைப் பார்த்த வாத்து எழுந்து மணலைத் தட்டினாள். "பதினாலு கிலோமீட்டர் பாக்கி. ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்கு. போலாமா, இல்ல இங்கயே குடித்தனம் வைக்கிறதா?"

"போலாம். ஆனா நீ சொல்றது எனக்குக் கேக்காதே."

அதற்கு வாத்து வழி கண்டுபிடித்தாள். லிஃப்ட் குழிக்குள் மோட்டார் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, கம்பியைத் தட்டித்தான் சேதி சொல்வார்களாம். துடுப்பின் தண்டால் படகின் மேல் தட்டினால் முன் இருக்கையில் உடம்பிலேயே அதிரும். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் வலது மட்டும். மூன்று என்றால் இடது மட்டும். கரையிலேயே இரண்டு தடவை ஒத்திகை பார்த்தார்கள். அண்ணிக்குத் தொடையெலும்பில் தெளிவாக வந்தது.

திட்டைத் தாண்டியதும் காற்று கொஞ்சம் பின்பக்கமாகத் திரும்பியது. அலை முதுகைத் தள்ளியது. அண்ணி ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் உண்மையிலேயே நிம்மதியாகத் துடுப்புப் போட்டாள். என்ன சொன்னாளோ, எதைத் தவறவிட்டேனோ என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வேண்டியது வந்தால் தட்டு வரும். இரண்டு தட்டு வந்தது. வலது பக்கம் போட்டாள். ஓர் அலையை நேராக ஏறி இறங்கினார்கள். ஒரு தட்டு வந்தது, நிறுத்தினாள், முன்னால் ஒரு மரக்கட்டை மிதந்து போனது. கடைசி மிதவைக்குப் பக்கத்தில் ஐந்தாறு தட்டு சேர்ந்து வந்தது. என்னவோ என்று பயந்து திரும்பிப் பார்த்தால் வாத்து இடப்பக்கம் கை காட்டுகிறாள்: வெள்ளைப் பறவைகள் நூறு, இருநூறு, தண்ணீரை ஒட்டிப் பறந்துபோயின. ஒரு சத்தமும் இல்லாமல் போயின, அண்ணிக்கு. பார்க்க அப்படியே நன்றாகத்தான் இருந்தது.

ஒன்று நாற்பத்துமூன்றுக்குக் கரை தொட்டார்கள். ஐம்பத்தொன்பதாவது இடம். முடிக்காமல் போன படகுகளே நாலு. படகு மணலில் ஏறியதும் அண்ணியால் காலை எடுத்து வெளியே வைக்க முடியவில்லை. யாரோ இருவர் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள். கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். நாலு மணி நேரமாக எண் நாற்பத்தொன்று கவிழ்ந்தது என்பது மட்டும் தெரிந்து, மற்றது தெரியாமல் கரையில் நடந்துகொண்டிருந்தவர். வாயைத் திறந்து அவர் என்னவோ சொன்னார். சுற்றிலும் கைதட்டல், ஒலிபெருக்கி, காற்று. அண்ணிக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவள் தலையாட்டுவாள்.

"நீங்க சொல்றது எனக்குக் கேக்கலங்க," என்றாள். "ரெண்டு வருஷமாவே சரியா கேக்கல. ஒரு காது போயிடுச்சு."

அவர் நின்றார். தங்கையைப் பார்த்தார். வாத்து தலையசைத்தாள். அவர் அருகில் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், தன் மேல்சட்டையைக் கழற்றி மனைவியின் தோளில் போட்டார். அப்புறம் வலது காதுப் பக்கம் குனிந்து, அவருடைய வாழ்க்கையிலேயே மெதுவான குரலில், "டாக்டர்கிட்ட போகலாம்" என்றார். அதுவும் கேட்கவில்லை. வாத்து திருப்பிச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை கடை திறப்பதற்கு முன்னால் அண்ணி முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பெரியவருக்கு மாற்றிக் கொடுத்த பெட்டியையும் சேர்த்தே சொன்னாள். முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கணும் நீ" என்றாள். அது உண்மைதான், அண்ணி மறுக்கவில்லை. "காதுக்குக் கருவி வர்ற வரைக்கும் உள்ள இரு. மருந்து பிரிச்சு வைக்கிற வேலையைப் பாரு. வந்ததும் கவுண்டருக்கு வா. சீட்டு இல்லாம எடுக்காத பழக்கத்தை மட்டும் விட்டுடாதே." ஆறு வாரம் பின்னறையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது விடுமுறை மாதிரி இருந்தது.

டாக்டர் மறைக்காமல் சொன்னார்: இடது காது இனி வராது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம், சொல்ல முடியாது. அன்றைக்கு மட்டும் அண்ணி வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதாள். வலது காதுக்குக் கருவி பொருத்தினார்கள். முதல் வாரம் காகிதம் கசங்குவதுகூட இடி மாதிரி விழுந்தது. கணவரை, தயவுசெய்து வெளியே போய்ப் பேசுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

வாத்துவைத் தங்களோடு வந்து இருக்கச் சொல்லி அண்ணி கேட்காத நாளில்லை. அவள் வரவில்லை. அந்த அறை பழகிவிட்டது, ஜன்னலிலிருந்து பார்த்தால் ரயில் பாதை தெரிகிறது, தனியாக இருப்பதும் ஒரு சுகம்தான் என்றாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை படகிலிருந்து இறங்கினால் நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் வருகிறாள். குளித்து, சாப்பிட்டு, நடுக்கூடத்து சோபாவில் காலை நீட்டிப் படுத்துவிடுகிறாள். கருவி போட்ட பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் படுத்தபடி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி துண்டை மடித்துக்கொண்டே நின்று கேட்டாள்.

"உன் குரல் இவ்வளவு கீச்சுன்னு எனக்கு மறந்தே போச்சு," என்றாள்.

"வேணும்னா கழட்டி வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு வாத்து கதையைத் தொடர்ந்தாள்.